மருந்தாய்வில் யாரைச் சேர்க்கிறீர்கள் என்று கேளுங்கள்

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமை அலுவலர் அவர்களுக்கும், மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். புதிய மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும், எப்படிப்பட்டவர்களைச் சேர்க்கப் போகிறீர்கள், அவர்கள் வந்துபோக என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் நீங்கள் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு சர்க்கரை நோய் ஆய்வுக்குக் கூலி வேலை செய்யும் ஓர் அம்மா வந்திருந்தார். தகுதிகள் எல்லாம் அவருக்குப் பொருந்தின. ஒப்புதல் படிவத்தை நான் வாசித்து முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை தடவைம்மா வரணும்?" வெறும் வயிற்றில் காலை எட்டு மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும், அவர் ஊரின் முதல் பேருந்தோ அதற்குப் பிறகுதான் இங்கு வந்து சேரும். பேருந்துக் கட்டணம் தருவோம், அன்றைய கூலியைத் தர மாட்டோம் என்று சொன்னபோது, படிவத்தை நான்காக மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "சம்மதிக்கவில்லை" என்று எழுதினேன். அது உண்மையில்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

இப்படி விலகிப் போகிறவர்களை விட்டுவிட்டு வரும் முடிவு, அவர்களுக்கும் பொருந்தும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? கொழுப்பைக் குறைக்கத் தரும் ரோசுவாஸ்டாட்டின் மருந்தின் அளவு, ஆசிய மக்களின் ரத்தத்தில் வெள்ளையர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதால், ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பேடே சொல்கிறது. தூக்க மருந்தான சோல்பிடெம் பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுவதால், அவர்களுக்கான அளவைப் பாதியாகக் குறைக்க அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013-இல் உத்தரவிட்டது. மருந்து அங்கே அனுமதி பெற்றதோ 1992-இல்.

ஏழைகள் ஒழுங்காக மருந்து சாப்பிட மாட்டார்கள், இடையில் நின்றுவிடுவார்கள் என்று ஆய்வு நடத்துகிறவர்கள் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினர், காசநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் சானடோரியத்திலும் மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலுமே சிகிச்சை பெற்றார்கள். வீட்டுக்கே போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்த ஊழியர்கள் அங்கு இருந்தார்கள். வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குக் குறைந்ததல்ல என்று 1959-இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. மையம்தான் நோயாளியைத் தேடிப் போனது.

கூலியை ஈடுகட்டினால் அது ஆசை காட்டுவதாகிவிடும் என்று நெறிமுறைக் குழுக்கள் தயங்குவதை அறிவேன். ஏழைகளைச் சோதனைப் பொருளாக்கிய அனுபவம் நம் நாட்டுக்கு இருப்பதால் அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இழந்த கூலியைத் திருப்பித் தருவதும், ஆபத்துக்கு விலை பேசுவதும் ஒன்றல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளும் கூலி இழப்பை ஈடுகட்ட இடம் தருகின்றன.

அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் அனுமதி பெற்ற சில வகை மருந்துகளுக்கு இங்கே ஆய்வு நடத்தத் தேவையில்லை என்று 2024 ஆகஸ்டில் நீங்கள் விலக்கு அளித்தீர்கள். அரிய நோய் உள்ளவர்களுக்கு மருந்து சீக்கிரம் கிடைக்கும் என்பதால் அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் விற்பனைக்கு வந்த பின் நடக்க வேண்டிய நான்காம் கட்ட ஆய்வு, பெருநகரத் தனியார் மருத்துவமனைகளோடு நின்றுவிடாமல், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் நடக்க வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். ஆய்வு முடிந்ததும், சேர்ந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், அறுபது வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர், கிராமத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை வெளியிடச் சொல்லுங்கள். "சம்மதிக்கவில்லை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் காரணத்தை எழுத ஒரு கட்டத்தையும் சேருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மருந்தாய்வு ஒருங்கிணைப்பாளர் ஒருவர்