கரைக்குச் செலவழித்தது போதும், வாய்க்காலைக் கவனியுங்கள்

கோயம்புத்தூர் மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும்

வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியோடு குளத்துக்குப் போகிற கோவைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருவன். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் உங்கள் இரண்டு அலுவலகங்களும் சேர்ந்து ஒரு வேலையை முடித்துத் தர வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். நொய்யலிலிருந்து நம் குளங்களுக்கு வருகிற வாய்க்கால்களை மீட்டுத் தாருங்கள்.

வெள்ளியங்கிரி மலைப்பக்கம் இருந்து இறங்கும் நொய்யலை முன்னோர் அணைக்கட்டு அணைக்கட்டாக மறித்துக் குளங்களுக்குத் திருப்பினார்கள். சித்திரைச்சாவடியில் பிரியும் தண்ணீர் கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி என்று ஒன்று மாற்றி ஒன்றாக வந்து சேரும். குறிச்சிக்கும் வெள்ளலூருக்கும் சிங்காநல்லூருக்கும் தனித்தனி அணைக்கட்டுகள் உண்டு. மேல்குளம் நிறைந்து வழிந்தால் அந்த மிச்சம் கீழ்க்குளத்துக்குப் போகும். இந்தத் தொடரில் நடுவே ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே இருப்பவை காய்ந்துவிடும். அப்புறம் எத்தனை அடி தூர் வாரினாலும் கிடைப்பது ஒரு பெரிய பள்ளம்தான்.

இதற்கு வெள்ளலூர் குளமே சாட்சி. ஏறக்குறைய 90 ஏக்கர் குளம், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பொட்டலாகக் கிடந்தது. 2017 வாக்கில் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் இறங்கியபோது முதலில் கை வைத்த இடம் குளம் இல்லை, ஆற்றிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ராஜவாய்க்கால். அப்படியொரு வாய்க்காலில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், மேலே ஒரு முழத்துக்குப் பிளாஸ்டிக் கவரும் தெர்மாகோலும் பழைய மெத்தையும் தென்னை மட்டையும். அதை அள்ளிப் போட்டால் கீழே கறுப்புச் சேறு, அந்தச் சேற்றுக்குள்ளும் அடுக்கடுக்காய்ப் பால் பாக்கெட்டுகள். சாந்துச்சட்டி கை மாறிக் கை மாறிக் கரையேற வேண்டும். ஜேசிபி இறங்க முடியாத இடத்தில் வேறு வழி கிடையாது. வாய்க்கால் திறந்தது, ஆற்றில் வெள்ளம் வந்ததும் குளத்துக்குத் தண்ணீர் வந்தது. கரையில் நட்ட அடர்வனம் இன்று நிழல் தருகிறது, பட்டாம்பூச்சிப் பூங்காவும் வந்துவிட்டது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது தண்ணீர்.

2016இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் பட்டியலிலேயே கோவை இடம்பிடித்தது. அந்தப் பணத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன் குளம் போன்றவற்றின் கரைகளில் நடைபாதையும் விளக்கும் இருக்கையும் வந்தன. சாயங்காலம் அங்கே குழந்தைகளோடு நடப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த நடைபாதைக்குக் கீழே, பைப் வழியாகச் சாக்கடை குளத்துக்குள் விழுந்தால் அதை மறுசீரமைப்பு என்று எப்படிச் சொல்வது? முத்தண்ணன் குளக்கரையில் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் வீட்டை விட்டுக்கொடுத்து ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் அவ்வளவு இழந்த பிறகும் அந்தத் தண்ணீர் சுத்தமாகவில்லை என்றால், அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஆகாயத்தாமரையை வருடா வருடம் டெண்டர் விட்டு அள்ளுகிறோம். சாக்கடையில் வரும் சத்தைத் தின்றுதான் அது கொழிக்கிறது. தண்ணீரை மூடி வெளிச்சத்தை மறைக்கிறது, அழுகும்போது இருக்கிற பிராணவாயுவையும் தீர்க்கிறது, மீன் செத்து மிதக்கிறது. சாக்கடையை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளினால் சில மாதங்களில் திரும்பவும் அதே பச்சைப் பாய். அள்ளுகிற கூலி வீண்.

இன்னொன்று, மதகு ஷட்டர்கள். பல இடங்களில் துருப்பிடித்து நிற்கின்றன, சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். முதல் மழையில் நொய்யல் கொண்டுவருவது நகரத்துக் குப்பையும் நுரையும். அதை ஆற்றோடு போக விட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு குளத்துக்குத் திறக்க வேண்டும். அந்த நேரத்தில் திறக்க ஆள் இல்லையென்றால் நல்ல வெள்ளம் எல்லாம் கீழே ஓடிவிடும், அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மேல்நிலையில் ஒரு கையெழுத்தும் கீழ்நிலையில் ஒரு பொறுப்பான ஆளும் இருந்தால் தீரக்கூடிய விஷயம் இது. குளம் மாநகராட்சி கையிலும் வாய்க்கால் நீர்வளத் துறை கையிலும் இருப்பதால் எங்கள் மனுக்கள் இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே அலைகின்றன. மாதம் ஒரு முறை மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காருங்கள், குளக்கரை மக்களையும் கூப்பிடுங்கள்.

தூர் வாரும்போது குளத்தை ஒரேயடியாகக் கிண்ணம் போலத் தோண்டச் சொல்லாதீர்கள். ஓரத்தில் முழங்கால் ஆழம் வேண்டும். நீர்க்கோழிகள் அங்கேதான் மேயும், கூழைக்கடா ஆழத்துக்குப் போகும், முக்குளிப்பான் நாணல் புதரில் கூடு கட்டும். சிங்காநல்லூர் குளத்தை நகர்ப்புற உயிர்ப்பன்மைப் பாதுகாப்பு மண்டலமாக 2017இல் அறிவித்தது இதே மாநகராட்சிதான். அந்த அறிவிப்பில் இருந்த அக்கறையை மற்ற குளங்களுக்கும் காட்டுங்கள். கரை முழுக்கக் கான்கிரீட் போட்டால் பறவைக்கு உட்கார இடம் இருக்காது.

ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. புதிதாக எதுவும் இயற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு வாய்க்காலையும் அணைக்கட்டிலிருந்து குளம் வரை சர்வேயரை வைத்து அளந்து, எல்லைக்கல் நடுங்கள். கல் நட்டுவிட்டால் அதற்குப் பிறகு வருகிற சுவரைப் பார்த்துப் புகார் சொல்ல எங்களுக்கும் ஓர் ஆதாரம் கிடைக்கும். ஏழையின் குடிசையில் தொடங்காமல் காம்பவுண்டு சுவர்களில் தொடங்குங்கள்.

எந்த ஞாயிறு வேண்டுமானாலும் வாருங்கள், வாய்க்காலோரமாகச் சேர்ந்து நடப்போம். வரும்போது கிராம வரைபடத்தைக் கொண்டு வாருங்கள், சாக்கடை எங்கெங்கே கலக்கிறது என்று நாங்கள் காட்டுகிறோம். மே முடிவதற்குள் ஷட்டர்களுக்கு எண்ணெய் போட்டுப் பழுது பார்த்து, யாரிடம் சாவி, அவருடைய அலுவலக எண் என்ன என்று ஒவ்வொரு மதகிலும் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
குளங்களுக்காக உழைக்கும் கோவைவாசிகளில் ஒருவன்