அண்ணாவுக்கு, அந்த செக்அவுட் பக்கத்தைப் பற்றி

அண்ணா,

கம்பெனியைப் பதிவு செய்துவிட்டேன். சேலம் முகவரிதான். ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி பிடித்திருக்கிறேன். செய்தி இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள், நான்தான் இல்லை. என்ன கம்பெனி என்பதை மட்டும் நான் சொல்லி நீங்கள் கேட்டதாக இருக்கட்டுமே என்று எழுதுகிறேன். அதில் உங்களுக்குப் பங்கு உண்டு. (ஷேரைச் சொல்லவில்லை. முதலீடு போட்டவர்கள் இதைப் படித்தால் பதற வேண்டாம்.)

ஏ/பி டெஸ்ட் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்கப் போவதில்லை. (மற்றவர்களுக்கு: பாதிப் பேருக்குப் பழைய பக்கத்தையும் பாதிப் பேருக்குப் புதுப் பக்கத்தையும் காட்டி, எதில் அதிகம் பேர் வாங்குகிறார்கள் என்று பார்ப்பது.) அந்த ஆபீஸின் பெயரையும் எழுதப் போவதில்லை. படிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்குத் தேவையில்லை.

உங்கள் புது செக்அவுட் பக்கத்தை (ஆன்லைனில் காசு கட்டும் பக்கம்) டெஸ்ட் செய்த முடிவைப் பார்த்த அந்த மீட்டிங் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பது அபத்தம். எனக்கு ஞாபகம் இருப்பது ஸ்வீட் பாக்ஸ். டெஸ்ட் ஆரம்பித்த மூன்றாம் நாள் டாஷ்போர்டில் (டெஸ்ட் முடிவு காட்டும் திரை) உங்கள் பக்கம் ஜெயிப்பதாகப் பச்சை அம்பு மேலே பார்த்து நின்றதும் டீமுக்கே நீங்கள் வாங்கிக் கொடுத்த ஸ்வீட். இரண்டு வாரம் கழித்து ரிவ்யூ நடந்தபோது அந்தக் காலி டப்பாவின் மேல்தான் ப்ரொஜெக்டரை உயர்த்தி வைத்திருந்தார்கள். மூடியில் நெய்க்கறை. திரையில் என் கிராஃப். பச்சை அம்பைக் காணோம். பழைய பக்கத்துக்கும் உங்கள் புதுப் பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை.

நீங்கள் சிரித்துக்கொண்டே, “ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம், மூணாம் நாளே தெரிஞ்சுதே” என்றீர்கள். நான், “பானை இன்னும் கொதிக்கவே இல்லையேண்ணா” என்றேன். அறையே சிரித்தது. மேலதிகாரிகள் உட்பட.

அன்று நான் சொன்ன எண்ணுக்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன். எண் சரி. இரண்டு வாரம் ஓடட்டும், அதற்குமுன் முடிவெடுக்க வேண்டாம் என்று ஆரம்பிக்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களில் நீங்களும் ஒருவர். ஆனால் அந்தச் சிரிப்பு வேறு கணக்கு. அதற்கு அன்று ராத்திரி பஸ்ஸிலேயே ஏதாவது சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமை, வழக்கம்போல இரண்டு சீட்டும் சேர்த்துத்தான் போட்டிருந்தோம். நீங்கள் டிரைவரிடம் பேசி முன்னால் மாறி உட்கார்ந்துவிட்டீர்கள். தொப்பூர் இறக்கம் வரைக்கும் உங்கள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வயதில் மூத்தவர், பி.ஜி. ஹாஸ்டல் அட்வான்ஸ் விஷயம் வேறு (அது நம் இருவரோடு இருக்கட்டும்), நீங்கள் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

சரி, கம்பெனிக்கு வருகிறேன்.

நீங்கள் ஒவ்வொரு டீக்கும் நடுவில் டாஷ்போர்டை ரெஃப்ரெஷ் செய்வீர்கள். நான் மனதுக்குள் திட்டுவேன். வித்தியாசமே இல்லாதபோதும் இருப்பதாகச் சொல்லிவிடும் 5 சதவீதத் தவறை ஏற்றுக்கொண்டு ஒரே ஒரு முறை பார்த்தால், அது 5 சதவீதம்தான். நடுவில் பத்து முறை எட்டிப் பார்த்து, அம்பு பச்சையானதும் நிறுத்துவது என்று வைத்தால், ஒன்றுமே இல்லாத இடத்தில் வெற்றி என்று ஏமாறும் வாய்ப்பு கிட்டத்தட்ட 19 சதவீதம் ஆகிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் டாஷ்போர்டைக் கட்டிக் கொடுத்ததும் நான்தான். பார்க்கச் சொல்லிக் கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டு, பார்த்தவரைச் சபையில் மடக்கினேன். ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. என் ப்ராடக்ட் அதிலிருந்து பிறந்ததுதான்: எட்டிப் பார்ப்பது மனுஷ சுபாவம், அதனால் எத்தனை முறை பார்த்தாலும் பொய் சொல்லாத கணக்கை உள்ளே வைத்துவிடுவது.

அந்தக் கணக்கு என்னுடையதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆபிரகாம் வால்டு என்பவர் அமெரிக்காவில் போட்டது. தரவு வர வரப் பார்த்துக்கொண்டே போகலாம், எப்போது நிறுத்துவது என்பதையும் கணக்கே சொல்லும். இது உங்களுக்குத் தெரிந்திருக்காது: அவர் இந்தியாவுக்கு லெக்சர் கொடுக்க வந்தவர், 1950 டிசம்பரில் மனைவியோடு விமான விபத்தில் இறந்தது நம் நீலகிரியில். இதைப் படித்த அன்று முதலில் உங்களுக்குத்தான் சொல்லத் தோன்றியது. போனை எடுத்து, நம்பரைப் பார்த்து, வைத்துவிட்டேன்.

ஊரில் வியாபாரம் எப்படி என்று கேட்பீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு வியாபாரி, ஆன்லைனிலும் விற்கிறார், ஆர்வமாக வந்தார். நூறு பேர் வந்தால் ஐந்து பேர் வாங்குகிற கடையில், அந்த ஐந்து ஐந்தேகால் ஆனதா என்று நம்பகமாகத் தெரிய ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 1,21,600 பேர் வேண்டும். “அவ்வளவு பேர் வந்தா நான் எதுக்குத் தம்பி டெஸ்ட் பண்ணப் போறேன்?” என்றார். நியாயம். எங்கள் சாஃப்ட்வேர் உங்களுக்கு வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பினேன். ஆடியில் போடும் டெஸ்டைத் தை மாசத்துக்கு நம்பாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். அதற்குக் காசு வாங்கவில்லை. என் வாடிக்கையாளர்கள் எல்லாம் பெங்களூரிலும் வெளிநாட்டிலும்தான்.

2025 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ இதே வேலையைச் செய்யும் ஸ்டாட்சிக் என்ற கம்பெனியை 110 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சொன்னதும், ஊரில் என்னைப் பைத்தியம் என்றவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

நீங்கள் வேலையை விட்டுப் போகும்போது சொன்னதையும் நான் மறக்கவில்லை. கூகுளில் 41 விதமான நீல நிறத்தை டெஸ்ட் செய்தார்களாம், டிசைனர் டக்ளஸ் போமன் வெறுத்துப் போய்க் கிளம்பிவிட்டாராம், நீங்களும் அப்படித்தானாம். பாதி உண்மை அதில் உண்டு. மறு பாதி: 2012-ல் மைக்ரோசாஃப்டின் தேடுதளமான பிங்கில் யாரோ சொன்ன சின்ன யோசனை, விளம்பரத் தலைப்பை நீட்டுவது, மாசக்கணக்கில் யாரும் தொடாமல் கிடந்தது. ஒருவர் டெஸ்ட் போட்டுப் பார்த்ததும் வருமானம் 12 சதவீதம் ஏறியது. பெரிய மேஜையில் உட்கார்ந்தவர்களின் ரசனைக்கு விட்டிருந்தால் அது இன்னும் அங்கேயே கிடக்கும். மைக்ரோசாஃப்டில் டெஸ்ட் செய்த யோசனைகளில் மூன்றில் ஒன்றுதான் தேறியது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். உங்கள் பக்கம் தேறாத மற்ற இரண்டில் ஒன்று, அவ்வளவுதான். அதற்காக “சொந்த ஊர்க்காரனையே கவுத்தவன்” என்று நான் போகிற இடத்துக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டுமா? யார் மூலம் எனக்கு வந்தது என்று இங்கே எழுதமாட்டேன். ஒரு வேலை கைக்கு வந்து போனது. அந்த வேலை கிடைத்திருந்தால் நான் கம்பெனி ஆரம்பித்திருக்கமாட்டேன் என்பதும் உண்மை. அதற்காக நன்றி சொல்ல இன்னும் மனசு வரவில்லை.

இன்னொன்று, இதை நீங்கள் வேறு யாரிடமிருந்தும் கேட்கக்கூடாது. முதலீடு கேட்டுப் போன இடமெல்லாம் அந்த மீட்டிங் கதையைத்தான் சொன்னேன். உங்கள் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் அந்தப் பானை வசனம் உண்டு. எங்கே சிரிப்பார்கள் என்று தெரிந்தே, ஒரு நொடி நிறுத்திச் சொல்வேன். சிரித்தார்கள். பணமும் வந்தது.

உங்கள் பழைய மெயிலுக்கு ஒரு லாகின் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் மாதிரி ரெஃப்ரெஷ் அடிக்கிற ஆள் எங்களிடம் இல்லை. உள்ளே போய் எங்கே உடைகிறது என்று பாருங்கள், அதற்குரிய சம்பளம் தருகிறேன், கன்சல்டிங் என்றே பில் போடுங்கள். விருப்பமில்லை என்றால் விடுங்கள். குரூப்பில் என்னைப் பற்றிப் பேசும்போது கம்பெனி பேரையாவது சரியாகச் சொல்லுங்கள்.