பழைய வண்டிகளின் பராமரிப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா, நலநிதி, காப்பீட்டுக் கணக்குகளைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற பொதுக்குழு கேட்டுக்கொண்டபடி இந்த அறிக்கை முழுவதும் நம் லாரிகளின் பராமரிப்பைப் பற்றியது. நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் நம் உறுப்பினர்கள் பலர் வைத்திருப்பவை பி.எஸ்.3 புகைத் தர வண்டிகளும் அதற்கு முந்தியவையும்: டாடா 1613, 2515, லேலண்டு காமெட், டாரஸ். இவற்றில் டீசலை எஞ்சினுக்குச் செலுத்தும் இன்லைன் பம்பு இருக்கிறது, கம்ப்யூட்டர் இல்லை. எந்த ஊரிலும் கழற்றி மாட்டலாம். எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்தாக வேண்டும். அதனால் எஃப்.சி.க்கு முந்தைய வாரம் மட்டும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. செயற்குழுவுக்கு இதில் உடன்பாடில்லை.

வண்டிகள் வழியில் நின்ற காரணங்களை மாதக் கூட்டங்களில் பேசி வந்தோம். பணம் அதிகம் போவது எஞ்சினுக்கு. வண்டியைப் படுக்க வைப்பதோ பெரும்பாலும் காற்று, தண்ணீர், கிரீஸ் இவற்றில் ஒன்று. செலவு குறைந்த இந்த மூன்றையும் கவனித்தால் எஞ்சின் வேலையே தள்ளிப்போகும்.

முதலில் காற்று, அதாவது காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாய் நமக்கு அன்றாடப் பாதை. மீட்டரில் காற்று இருந்தும் அங்கே பிரேக் பிடிக்காமல் போவது ஏன் என்பது ஒவ்வொரு ஓட்டுநருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால், சக்கரத்தோடு சுழலும் டிரம் சூடேறி விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் லைனிங்கை விட்டு விலகுகிறது. அந்தக் கூடுதல் இடைவெளியையும் காற்றழுத்தம் வேலை செய்யும் பிரேக் சேம்பரின் புஷ் ராடுதான் (தள்ளுதண்டு) தள்ளிக் கடக்க வேண்டும். 24 டைப் (அளவு எண்) சேம்பரில் ராடின் முழு ஓட்டமே சுமார் 57 மி.மீ., 30 டைப்பில் சுமார் 64 மி.மீ. டிரம் குளிர்ந்திருக்கும்போதே 50 மி.மீ. ஓடுகிற 24 டைப் ராடு, பாதி இறக்கத்தில் சேம்பருக்குள் முட்டி நின்றுவிடும். மீட்டரில் 7 பார் காட்டும், சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும். ஆகவே 24 டைப்பில் 45 மி.மீ., 30 டைப்பில் 51 மி.மீ. வந்துவிட்டாலே அட்ஜஸ்ட் செய்தாக வேண்டும்.

செய்யும் முறையையும் இங்கே பதிவு செய்கிறோம். சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காற்றை முழுதாக ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை விடுவிக்கவும். புஷ் ராடையும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரின் பூட்டு வளையத்தை ஸ்பேனரால் உள்ளே அமுக்கி, லைனிங் டிரம்மைத் தொடும்வரை இறுக்கவும். பிறகு கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை திருப்பி விடவும். இறுக்கும்போது, லைனிங்கை விரிக்கும் கேம் ஷாஃப்டு, பிரேக் மிதித்தால் எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கமே திரும்ப வேண்டும். எதிர்ப்பக்கம் திரும்பினால் தளர்த்திக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். முடித்தபின் ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றவர் ராடின் ஓட்டத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். கண் அளவு போதாது. தானே இறுக்கிக்கொள்ளும் ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் அடிக்கடி கையால் இறுக்க வேண்டிவந்தால் கேம் ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷோ, புஷ் ராடை இணைக்கும் கிளெவிஸ் பின்னோ தேய்ந்திருக்கும். அதை மாற்றாமல் இறுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை.

எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே வைத்து மீட்டரைப் பாருங்கள். நிமிடத்துக்கு 0.2 பாருக்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு. சோப்புத் தண்ணீர் தடவித் தேடலாம். காற்று டேங்கின் அடிக் குழாயைத் தினமும் திறந்துவிட வேண்டும். வெறும் தண்ணீர் வந்தால் சரி. பால் போல எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரசர் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த எண்ணெய் வால்வு ரப்பர்களைத் தின்றுவிடும்.

வண்டியை நிறுத்தி வைக்கும்போது பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக்கின் சேம்பரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஏறக்குறைய ஒரு டன் விசையோடு அமுங்கிக் கிடக்கிறது. பூட்டு போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கைச் சுருக்காமல் யாரும் சேம்பரைக் கழற்றக் கூடாது. ஸ்பிரிங் இருக்கும் பகுதியின் கிளாம்பை எந்த நிலையிலும் பிரிக்கக் கூடாது. சேம்பர் கெட்டால் முழுதாக மாற்றுவதே முறை.

கணவாயில் இறங்கும் கியரை மேலேயே தேர்ந்துகொள்ள வேண்டும், பாதியில் அல்ல. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறோம் என்பதை இந்தச் சங்கம் ஒருபோதும் ஏற்காது.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். அதை அப்படியே ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களிலும் எஞ்சின் பிளாக்கிலும் சுண்ணாம்புப் படிவு கட்டும். சூடேறும் வண்டிக்கு முதல் வைத்தியமாக, சூட்டுக்கேற்பத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியும் வழக்கம் இன்னும் போகவில்லை. 6பிடி கம்மின்ஸ் எஞ்சினில் இது நேர்மாறான வேலை. தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போதுதான், ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழி அடைபடும். அது இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினைச் சுற்றும். லோடு இல்லாதபோது எஞ்சின் குளிர்ந்து கிடந்து டீசலைக் குடிக்கும், மேட்டில் லோடோடு ஏறும்போது கொதிக்கும். 83 டிகிரியில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு, வெப்பமானி வைத்துச் சூடாக்கிப் பார்த்தால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். அதன்பின் ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஃபேன் பெல்ட் இரண்டையும் பார்க்கவும். ரேடியேட்டர் பின்னலில் அடைந்த தூசியை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவவும். கூலண்டைச் சுத்தமான மென்னீரோடு மட்டும் கலக்கவும்.

எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ உள்ள வண்டியை லோடோடு வந்து நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாமல் 3 முதல் 5 நிமிடம் ஐடிலில் விட வேண்டும். இல்லாவிட்டால் டர்போவின் தண்டில் எண்ணெய் கருகும்.

கிரீஸ் என்றவுடன் முன் அச்சைத்தான் சொல்ல வேண்டும். முன் சக்கரம் இடவலமாகத் திரும்ப அச்சாணியாக இருக்கும் கிங் பின்னுக்கு வண்டி தரையில் நிற்கும்போதே கிரீஸ் அடித்தால், எடை அமுங்கியிருக்கும் திரஸ்ட் பேரிங்குக்குள் அது போகாது. அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இரு பக்கமும் திருப்பியபடி, பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். சக்கரத்தில் ஆட்டம் இருந்தால் உடனே கிங் பின் செட் வாங்க ஓட வேண்டாம். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். அப்படியே இருந்தால் கிங் பின். கிங் பின்னுக்குப் புது புஷ் போடும்போது அதன் கிரீஸ் துளையும், அது பொருந்தும் நக்கிளின் துளையும் நேராக இருக்கிறதா என்று லேத்தில் நின்றே பாருங்கள். மேல், கீழ் புஷ்கள் இரண்டையும் ஒரே நீள ரீமரால் ஒருசேரக் கடைய வேண்டும். தனித்தனியே கடைந்தால் பின் கோணலாக உட்கார்ந்து ஸ்டியரிங் கனக்கும்.

முன் டயரில் உள்ளங்கையை வெளிப்பக்கமிருந்து உள்ளே தடவினால் வழுவழுப்பாகவும், உள்ளிருந்து வெளியே தடவினால் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ-இன் அதிகம், அதாவது முன் சக்கரங்களின் முன்பக்கம் அளவுக்கு மீறி உள்நோக்கியிருக்கிறது. தலைகீழாக இருந்தால் டோ-அவுட். டயர் போவதற்கு முன்பே கை சொல்லிவிடும்.

எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக் கட்டில், பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட் உடைவதற்குப் பெரும்பாலும், கட்டை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்ததே காரணம். சென்டர் போல்ட்டை மட்டும் மாற்றினால் அது மறுபடி உடையும். கட்டு வேலை முடிந்து முதல் லோடு ஏற்றிய பின், லோடோடு நிற்கும்போதே யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். தளர்ந்த பழைய பட்டைகளுக்கு நடுவே வளைவு அதிகமுள்ள ஒரு புதுப் பட்டையைச் செருகினால் எடை முழுவதும் அதன் மேல் விழும், அது முதலில் முறியும். ஆர்.சி.யில் எழுதிய எடைதான் எடை. பின் அச்சுக்கு 10.2 டன் என்றிருந்த காலத்து வண்டியில், 2018-இல் வந்த 11.5 டன் கணக்கைச் சொல்லி ஏற்றினால் பட்டையும் ஹேங்கரும் மட்டுமல்ல, சேஸிஸும் விரிசல் விடும்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சடைத்து நின்றால் டீசலில் காற்று ஏறியிருக்கலாம். டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரையுள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். அங்கே வெடிப்பு இருந்தால் காற்று உள்ளே போகும், வெளியே டீசல் சொட்டாது. அதனால் யார் கண்ணிலும் படாது. ஃபில்டரின் மேலுள்ள பிளீடிங் ஸ்குருவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப் பம்பை அடித்து, டீசல் வழியும்போதே இறுக்கவும். பிறகு இன்லைன் பம்பின் ஸ்குருவில் அதேபோல் செய்யவும். அப்போதும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் மட்டும் இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்கலாம். செல்ஃபை 30 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், இரண்டு நிமிடம் விட்டு மறுபடி அடிக்கவும். பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டி வைப்பதால் இழுவை கூடுவது உண்மை. பிஸ்டனும் டர்போவும் அதற்கு விலை கொடுக்கின்றன.

24 வோல்ட் வண்டியில் பாட்டுப் பெட்டிக்காக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்க வேண்டாம். ஒன்று காலியாகும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறும், இரண்டும் சீக்கிரம் போகும். கன்வெர்ட்டர் வைத்துக்கொள்வதே முறை.

பழைய உதிரிபாகம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். வண்டி உடைக்கும் இடங்களில் கேபின் கதவு, கியர் பாக்ஸ் கூடு, அச்சுக் கூடு, ரேடியேட்டர் சட்டம் ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம். பிரேக் ஹோஸ், டை ராடு எண்டு, வீல் போல்ட், தேய்மான அளவைத் தாண்டிய டிரம் ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு முடிவுகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறது. ஒவ்வொரு வண்டியிலும் ஸ்பிரிங் பிரேக் பூட்டு போல்ட், ஒரு ஸ்கேல், புஷ் ராடு அளவை எழுதும் நோட்டு இருக்க வேண்டும். டயரைச் சக்கரத்தில் பிடித்திருக்கும் லாக் ரிங் உள்ள 10.00-20 டயர்களுக்குக் காற்றடிக்கச் சங்க நிதியில் ஓர் இரும்புக் கூண்டு செய்து அலுவலக வாசலில் வைக்கப்படும். ரிங் தெறித்தால் அருகில் நிற்பவரின் உயிர் போகும் என்பதால், உறுப்பினர் அல்லாதவர்களும் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

இப்படிக்கு,
செயலாளர்