அந்தக் கேள்விக்குறியை அழித்துவிடாதீர்கள்

மதுரை வட்டாரக் கல்லூரிகளின் தாவரவியல் துறையினருக்கு,

வணக்கம். இங்குள்ள கல்லூரி ஒன்றின் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளின் சேகரிப்பில், பல வருடம் உதவியாளாக இருந்தவன் நான். செடியைப் பழைய பேப்பருக்குள் வைத்து அழுத்துவது, காய்ந்ததும் அட்டையில் ஒட்டுவது, அந்துருண்டை போடுவது எல்லாம் என் வேலை. போன மாதம் அங்கே போனபோது, அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று என்று காட்டினார்கள். நல்ல வேலைதான். சிறுமலைச் செடி ஒன்றைத் தேடச் சொன்னேன். ‘சால்வியா பிளெபியா’ என்று பேரினம், சிற்றினம் இரண்டும் சேர்ந்து வந்தது.

அட்டையில் இருப்பது அதுவல்ல. எங்கள் புரொபசர் பென்சிலில் எழுதியது, ‘சால்வியா ?’ பேரினம் மட்டும், அவ்வளவுதான். கீழே, ‘ஓடைக்கரை, பூ நீலம்’. காய்ந்துவிட்டால் எந்தப் பூவும் டீத்தூள் நிறம்தான். அதனால் நிறத்தை மட்டும் அங்கேயே எழுதிவிடச் சொல்வார்.

சால்வியா என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. உதிர்ந்த பூ ஒன்றை வெந்நீரில் போட்டு, இளகியதும் ஊசியால் பிரித்து, லென்ஸை என் கையில் கொடுத்தார். துளசியிலும் தும்பையிலும் மகரந்தத்தாள் நாலு. இதில் இரண்டே இரண்டு. சதுரத் தண்டு, எதிரெதிர் இலை என்று துளசிக் குடும்பமே ஒரே ஜாடையில் இருக்கும்போது அந்த இரண்டுதான் துப்பு. ஆனால் சால்வியாவில் கிட்டத்தட்ட ஆயிரம் சிற்றினங்கள். பிளெபியாவின் பூ அரிசியளவுகூட இராது. எங்கள் பூ கட்டைவிரல் நகத்தளவு. ஏதாவது மலைத் தோட்டத்திலிருந்து விதை தப்பி வந்திருக்கும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்க பிளெபியா என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். “கட்டத்தைக் காலியா விட்டா சேவ் ஆகலைங்கய்யா. லிஸ்ட்ல சால்வியான்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு” என்றான் கம்ப்யூட்டரில் ஏற்றிய பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

தெரிந்த செடிக்கே பெயர் நிலைப்பதில்லை. கற்பூரவள்ளியை 1790-ல் லூரெய்ரோ என்ற தாவரவியலாளர் கோலியஸ் என்ற பேரினத்தில் வைத்தார். 1825-ல் ஸ்ப்ரெங்கெல் என்ற இன்னொருவர் அதை பிளெக்ட்ராந்தஸ் பேரினத்தில் சேர்த்தார். 2019-ல் மறுபடி கோலியஸ். 2017-ல் ரோஸ்மேரியையே சால்வியாவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அதெல்லாம் காரணம் எழுதி, அச்சில் போட்டுச் செய்தவை. கட்டம் காலியாக இருக்கிறதே என்று செய்தவை அல்ல.

பேரினத்தோடு நிறுத்திக்கொள்ள உங்கள் பட்டியலில் வழி வையுங்கள். புதுப் பெயர் தோன்றினால் பழைய சீட்டைத் தொடாமல் பக்கத்தில் இன்னொன்று ஒட்டி, சொன்னவர் பெயரும் தேதியும் போடுங்கள். ஹெர்பேரிய வழக்கமே அதுதானே. சந்தேகமானதைக் கோவையில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு அனுப்பிக் கேட்கலாம். (ஆமாம், பெயர் மெட்ராஸ், இருப்பது கோவை.)

அந்தக் கல்லூரிக்காரர்கள் இதைப் படித்தால்: அட்டை இரண்டாம் பீரோவில், கீழ்த் தட்டில் இருக்கிறது. அதில் இன்னும் மூன்று பூ மிச்சம். வெந்நீர் வைக்கும் நாளைச் சொல்லியனுப்புங்கள், வருகிறேன்.