2024-2025 ஆண்டறிக்கை: கடலூர் ஏர் ரைபிள் பயிற்சிக்கூடம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டின் அறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால், இந்த ஆண்டு நம்மை அதிகம் கவலைப்பட வைத்த பாதுகாப்பு, கூடத்தில் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றதிலிருந்து மஞ்சக்குப்பம், செம்மண்டலம், நெல்லிக்குப்பம் எனப் பல பக்கங்களிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளை அழைத்து வரத் தொடங்கினர். அதே பாரிஸில் ஏர் ரைபிள் பிரிவில் பத்தாவதாக வந்து இறுதிச் சுற்றைத் தவறவிட்ட இளவேனில் வாலறிவன் பிறந்தது நம் கடலூரில்தான் என்று, வந்தவர்களே நமக்கு நினைவூட்டினார்கள். நம்மிடம் இருப்பதோ ஐந்து லேன்கள், அதாவது ஒரு நேரத்தில் ஐந்து பேர் நின்று சுடும் இடங்கள். மாலை நேரத்தை இரண்டாகப் பிரித்துச் சமாளித்தோம்.

புதியவர்களால் ஏதேனும் விபரீதம் நேர்ந்துவிடுமோ என்று செயற்குழு அஞ்சியது. நேரவிருந்தது என்னால்தான் என்பதை மறைக்காமல் பதிவு செய்கிறேன். செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மாலையில் மின்சாரம் நின்றது. மூன்றாவது லேனில் டார்கெட் அட்டை பாதி வழியில் மாட்டிக்கொண்டது. இருட்டில் எல்லோரும் சுடுவதை நிறுத்தியிருப்பார்கள் என்று நானாகவே எண்ணிக்கொண்டு, சுடுவதை மேற்பார்வையிடும் ரேஞ்ச் ஆபீசரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சுடும் கோட்டைத் தாண்டிக் காலெடுத்து வைத்தேன். நான்காவது லேனிலிருந்து, சேர்ந்து ஆறு வாரமே ஆகியிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, "சார், தாண்டாதீங்க, என் ரைபிள்ல பெல்லட் இருக்கு" என்று குரல் கொடுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தபோது அவருடைய ரைபிளின் குழல் டார்கெட் பக்கமே இருந்தது. விரல் ட்ரிகரைத் தொடாமல் ஓரமாக நீண்டிருந்தது. முதல் வாரத்தில் நான் கற்றுக்கொடுத்ததை அவர் அப்படியே வைத்திருந்தார். இரண்டு வாரம் நான் லேனில் நிற்கக் கூடாது என்று செயற்குழு முடிவெடுத்தது, அதற்குக் கட்டுப்பட்டேன். சம்பவப் பதிவேட்டின் முதல் பக்கம் என் கையெழுத்தில் இருக்கிறது, விரும்புவோர் பார்க்கலாம்.

ஏர் ரைபிள் 'டப்' என்று மெல்லிய சத்தம் போடுகிறது, புகை இல்லை, நாம் பயன்படுத்தும் வகைக்கு உரிமமும் தேவையில்லை. ஆகவே பழகப் பழக அதைப் பொம்மையாக நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட் விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஒரு கண்ணைப் பறித்துவிட அதற்குத் தாராளமாக முடியும். எனவே இப்போது மின்சாரம் போனால் ரேஞ்ச் ஆபீசர் விசில் அடிப்பார். அனைவரும் பெல்லட்டை நீக்கி, ரைபிளைத் திறந்த நிலையில் மேசையில் வைத்து, குழலில் பெல்லட் இல்லை என்று காட்டும் 'பாதுகாப்புக் கொடி' என்ற ஆரஞ்சு நிறக் கயிற்றைக் குழலுக்குள் செருக வேண்டும். ஐந்து குழல்களின் முனையிலும் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்ப்பதை அவர் தம் கண்ணால் கண்ட பிறகே யாரும் முன்னே செல்லலாம். கடையில் விற்கும் கொடிகளுக்குப் பதிலாக, புல்வெட்டும் இயந்திரத்தில் மாட்டும் ஆரஞ்சு நைலான் கயிற்றை வாங்கி நாமே நறுக்கிக்கொண்டோம். ஒரு சுருள் இன்னும் மிச்சம் இருக்கிறது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், அதன்பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் நான் விவரிக்கத் தேவையில்லை. நம் கூடத்திலும் நீர் புகுந்து அட்டைகள் ஊறிப் போயின. நீர் வடிந்து சேறு காய்ந்ததும் ஆர்வமுள்ள இளைஞர்கள் விளக்குமாற்றை எடுத்துவிட்டார்கள். டார்கெட்டுக்குக் கீழே பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த ஈயத்தூள் அந்தச் சேற்றோடு கலந்திருந்ததால், உடனே தடுத்து, முகக்கவசமும் கையுறையும் கொடுத்து, ஈரத்துணியால் மட்டும் துடைக்கச் செய்தோம். ஈயம் மூச்சு வழியாகவும் வாய் வழியாகவும் உடலில் சேரும். பெரியவர்களைவிடச் சிறுவர்களை அதிகம் பாதிக்கும். ரேஞ்சுக்குள் வடை, முறுக்கு வேண்டாம் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு டீ குடியுங்கள்.

ரைபிளில் பெல்லட்டைத் தள்ளும் அழுத்தக் காற்றை அடைத்துவைக்கும் சிலிண்டர்களைச் சோதித்ததில் இரண்டு, தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டைக் கடந்திருந்தன. "நல்லாத்தானே இருக்கு" என்று வருந்திய மூத்த உறுப்பினரிடம், 200 பார், அதாவது சாதாரண காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் தாங்கும் பொருளில் அந்தச் சமாதானம் செல்லாது என்று விளக்கி, இரண்டையும் ஒதுக்கிவைத்தோம்.

அடுத்தவருக்குத் தொந்தரவு தராதிருப்பது பற்றித்தான் இந்த ஆண்டு அதிகப் புகார்கள் வந்தன. ஏர் ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர்ப் பொட்டுதான். போட்டியில் அறுபது ரவுண்டுகளை 75 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூச்சைச் சில நொடிகள் அடக்கி நிற்கும் பிள்ளைக்குப் பின்னால், "தோளைத் தளர்த்துப்பா" என்று அக்கறையோடு முணுமுணுப்பது கூட அந்த ரவுண்டைக் கெடுத்துவிடும். கேட்காமல் யோசனை சொல்வதில் நம் மூத்த உறுப்பினர்கள்தான் முன்னணியில் இருக்கிறார்கள் என்பதை மரியாதையோடு குறிப்பிடுகிறேன். பக்கத்து லேன்காரர் குறிவைக்கும்போது பையைத் திறந்து மூடுவது, பெல்லட் டப்பாவை மேசையில் தட்டுவது, அவர் கண்ணோரத்தில் படும்படி செல்போனைப் பார்ப்பது ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். இன்னொருவர் ரைபிளை அவர் அனுமதியின்றித் தொடவே கூடாது. கூடத்துக்கு வெளியே ரைபிள் உறைக்குள்தான் இருக்க வேண்டும். டீக்கடையில் நண்பர்களிடம் திறந்து காட்டிய உறுப்பினருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை அளிக்கப்பட்டது.

பெற்றோர் அமரும் பெஞ்சைச் சுடும் கோட்டின் பின்னாலிருந்து எடுத்து, கண்ணாடித் தடுப்புக்கு வெளியே வைக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. பிள்ளை சுடுவதை அங்கிருந்தும் நன்றாகப் பார்க்கலாம் என்பதை நான் உட்கார்ந்து பார்த்தே சொல்கிறேன். மின்தடையின்போது எரியும் இன்வெர்ட்டர் விளக்குக்கான செலவையும் இதனுடன் சேர்த்து, பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்