மலையகப் பெண்களுக்கு இன்னும் ஆசனங்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1960இல் உலகின் முதல் பெண் பிரதமராக சிறிமாவோ பண்டாரநாயக்கவைத் தந்த நாடு இலங்கை. இன்று ஹரிணி அமரசூரிய பிரதமர். சரி, ஆனால் 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சனத்தொகையிலோ பாதிக்கு மேல்.

2024 தேர்தலில் பதுளையில் அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் வென்றபோது எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பெரியவர்கள் கண்கலங்கினார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் போனது அதுதான் முதல் தடவை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1948இல் எங்கள் மக்களின் குடியுரிமையே பறிபோனது. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களின் சம்பளம், பிள்ளை மடுவம் (குழந்தைகள் காப்பகம்), மலசலகூடம் பற்றி இத்தனை காலமும் ஆண்களே பேசினார்கள். தொழிற்சங்க மேடையிலும் அப்படித்தான்.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரதேச சபைக்கு முடிந்தது பாராளுமன்றத்துக்கு ஏன் முடியாது? அடுத்த பொதுத் தேர்தலுக்கு முன் அதற்கும் சட்டம் கொண்டுவர வேண்டும். அப்புறம், கட்சிகள் வேட்பாளர் பட்டியலில் தோட்டத்துப் பெண்களையும் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஹட்டன்