கிலோமீட்டரைப் பார்க்காதே மாப்ள

மேலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது, பழைய லோடு வண்டி எடுப்பதைப் பற்றி நீ கேட்டிருந்ததையும் பார்த்தேன். திருப்பூரை விட்டுவிட்டு சோழவந்தானுக்கே வரப்போகிறாய் என்று படித்ததும் வீட்டில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "வரட்டும், பனியன் கம்பெனித் தூசியைத் தின்றது போதும்" என்றாள். மாமனார் தென்னந்தோப்பை இனி நீதான் பார்க்க வேண்டும் என்றால், உரிக்கிற ஆளையும் ஏற்றுகிற ஆளையும் இப்போதே சொல்லி வைத்துக்கொள். காய் விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலி இறங்குவதே இல்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் நர்சிங் இரண்டாம் வருஷம். கால்வாய்த் தண்ணீர் கதை உனக்குத் தெரிந்ததுதான்; கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதைத் தாண்டிய எங்களுக்கு ஒருபோகம், அதற்கும் வானத்தையும் அணையையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். நம் கணக்கு வாத்தியாருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். உன்னை விசாரித்தார். "அவன் கணக்கில் இன்னும் அப்படியேதான் இருக்கானா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். 2012 மாடல் பொலிரோ பிக்கப், மூணு நாற்பது சொல்கிறான், மீட்டரில் ஒரு லட்சத்துச் சொச்சம்தான், பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாத்தியார் கேட்டது சரிதான் போலிருக்கிறது. லோடு அடிக்கிற வண்டி வருஷத்துக்கு இருபதாயிரம் கிலோமீட்டராவது ஓடும். நீயே பெருக்கிப் பார்.

மீட்டரை விடு. அந்த வண்டி இத்தனை வருஷமாக என்ன சுமந்தது என்று கேள். பாலும் பூவும் ரொட்டியும் ஏற்றிய வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் தெம்பாக இருக்கும். எம்-சாண்டும் செங்கலும் கல்லும் ஏற்றிய வண்டி அதில் பாதி தூரத்திலேயே முதுகு வளைந்துவிடும். எங்கள் மேலூர்ப் பக்கத்து வண்டி என்றால் கிரானைட் துண்டு ஏற்றியதா என்றுதான் நான் முதலில் கேட்பேன். நம்பர் பிளேட்டில் டிஎன் 65, டிஎன் 69 என்று ராமநாதபுரம், தூத்துக்குடி நம்பர் இருந்தால் குனிந்து அடியைப் பார். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி ஒழுகி, உப்பு மூட்டை சிந்திச் சிந்தி, பாடிக்கு அடியில் இருக்கிற குறுக்குச் சட்டங்கள் கையால் கிள்ளினாலே உதிரும். அதைவிட மோசம் ஆடு. சந்தைக்கு ஆடு ஏற்றிய வண்டியில் ஆட்டு மூத்திரம் தகட்டுக்குள் இறங்கி எங்கே அரிக்கிறது என்றே தெரியாது. பாடியில் இருக்கிற ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார். தூக்க விடமாட்டேன் என்றால் வீட்டுக்கு வந்துவிடு.

நீ சொன்ன பளபள பெயிண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே டிங்கரிங் செய்து பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பதில் தப்பில்லை, விற்கிறவன் குளிப்பாட்டித்தான் விற்பான். சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பின்பக்க ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் இடத்தில் விரிசலோ வெல்டிங்கோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். அங்கேயே பட்டையையும் எண்ணு. கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்றிரண்டு பட்டை சேர்த்திருந்தால் வண்டி ஓவர்லோடு அடித்தது என்று அர்த்தம். சேர்த்த பட்டையின் நிறமும் துருவும் மற்றதோடு ஒட்டாது. மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி, லோடு வண்டிக்கு இந்தப் பட்டை.

என் வண்டி வாடிப்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவரிடம் எடுத்தது. பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி அடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லாம் வெறும் வண்டியை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசினார்கள். நான், "அண்ணே, நாளைக்கு லோடோடு போகும்போது கூட வர்றேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ராத்திரி ரெண்டு மணிக்கு வந்துருவீங்களா?" என்றார். போய்விட்டேன். முதல் வேலையாக பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. விற்கிறவன் நமக்கு முன்னால் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி இன்ஜினைச் சூடாக்கி வைத்துவிட்டால் பாதி வியாதி தெரியாமல் போகும். இரண்டாவது செல்ஃபில் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து சூடானதும் நின்றது. ஆயில் மூடியைக் கழற்றச் சொன்னேன். லேசான ஆவி, அவ்வளவுதான். அங்கே குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் போயிற்று என்று எடுத்துக்கொள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டரோ நாசிலோ பம்ப்போ, அதெல்லாம் சமாளிக்கிற செலவு.

கத்தரியும் வெண்டையும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பேச்சு எல்லாம் அவர் மகன் காலேஜைப் பற்றி. நான் அவர் காலையும் கையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். பாலம் ஏறி இறங்குகிற இடம் வந்தால் மூன்றாவது கியர் போட்டுவிட்டு இடது முழங்காலை கியர் ராடுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொள்வார். பேச்சு பாட்டுக்குப் போகும், முழங்கால் நகராது. மூன்றாவது கியர் வெளியே தள்ளுகிறது! வெறும் வண்டியில் அது தெரியவே தெரியாது. பரவையில் இறங்கி டீ குடிக்கும்போது, "அண்ணே, முழங்கால் வலிக்கலையா?" என்றேன். மனுஷன் கொஞ்ச நேரம் டீயையே பார்த்துவிட்டு விலையில் பதினெட்டாயிரம் குறைத்தார். கியர் பாக்ஸ் இறக்கி வேலை பார்த்ததற்கு அது போதுமானதாக இருந்தது. நல்ல மனுஷன், இன்றைக்கும் போன் போட்டால் பேசுவார்.

பழைய டீசலில் எனக்குப் பிடித்தது, அது மெக்கானிக் கைக்குள் அடங்குகிறது என்பதுதான். என்னுடையது 2523 சிசி, டீசல் பம்ப் மெக்கானிக்கல். ரோட்டில் நின்றால் டீசல் வருகிறதா, காற்று ஏறிவிட்டதா என்று பார்த்து, ஏர் லாக் எடுத்தால் முக்கால்வாசி கிளம்பிவிடும். பிஎஸ்-4 என்கிற புகை விதி நாடு முழுக்க வந்தது 2017-ல், பிஎஸ்-6 2020-ல். அதற்கப்புறம் வந்த டீசல்களில் சென்சாரும் புகைக்கு ஃபில்டரும் சேர்ந்துகொண்டன. புகை குறைந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தோப்புக்கும் வாடிப்பட்டிக்கும் குட்டி குட்டி நடை அடித்தால் அந்த ஃபில்டர் அடைத்துக்கொண்டு லைட் எரியும், அப்புறம் லேப்டாப் உள்ள கடையைத் தேட வேண்டும்.

நீ பயந்த மாதிரி பத்து வருஷமான டீசல் வண்டிக்கு இங்கே தடை இல்லை. அது டெல்லிச் சுற்றுவட்டாரத்துக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. நமக்கு இருக்கிற தொல்லை வேறு. எட்டு வயசு தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி, அதாவது ஓடத் தகுதியான வண்டி என்கிற சான்று, காட்ட வேண்டும். பதினைந்து தாண்டினால் அந்தக் கட்டணமே பல மடங்கு. நீ பார்த்திருப்பது 2012. பதினைந்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது, அதைச் சொல்லியே விலையை இறக்கலாம். எஃப்சிக்குப் போகும்போது பெயிண்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், லைட், பிரேக் என்று சின்னச் சின்னதாக ஒரு தொகை போகும். இன்ஷூரன்ஸ் தேர்டு பார்ட்டி மட்டுமே 2022-ல் நிர்ணயித்தபடி 16,049 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வண்டி எவ்வளவு பழசானாலும் அது குறையாது. பசுமை வரி இருக்கிறது. டயர் இருக்கிறது. வண்டியை ஷெட்டில் நிறுத்தி வைத்திருந்தாலும் இதெல்லாம் நிற்காது. அதனால்தான் சொல்கிறேன், வாரத்தில் மூன்று நாளாவது உனக்கு லோடு இருந்தால் எடு. மாதம் ஒரு தேங்காய் வெட்டுக்கு மட்டும் என்றால் குட்டி யானையை வாடகைக்குக் கூப்பிட்டுக்கொள், கௌரவம் பார்க்காதே.

உன் லோடையும் கணக்குப் போட்டுப் பார். மட்டை உரித்த காய் ஆயிரம் என்றால் ஐநூறு அறுநூறு கிலோ வரும். ஒன்றேகால் டன் வண்டியில் இரண்டாயிரம் காய் நியாயமான லோடு. வாடிப்பட்டி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலத்துக்கு ஒரே நடையில் நாலாயிரம் கொண்டுபோகலாம் என்று யாராவது சொல்வார்கள். ஓவர்லோடுக்கு 2019 சட்டத்தில் அபராதம் 20,000, அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. தேங்காய் விற்ற காசு அங்கேயே போய்விடும். ஆர்.சி.யில் மொத்த எடை என்ன போட்டிருக்கிறது என்றும் பார். 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் வேண்டாம், அதுவே ஒரு பெரிய நிம்மதி.

லோடு வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் இல்லையே, கார் லைசென்ஸ்தானே இருக்கிறது என்று கேட்டிருந்தாய். 7,500 கிலோ வரைக்கும் எல்எம்வி என்கிற அந்தக் கார் லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது; 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. தைரியமாக ஓட்டு.

பேப்பர் விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். அரசாங்கத்தின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், எஃப்சி எது வரை, ஃபைனான்ஸ் இருக்கிறதா, செலான் பாக்கி எவ்வளவு என்று பார்த்துவிடு. ஃபைனான்ஸ் இருந்தால், கடன் தீர்ந்தது என்று காட்டும் என்ஓசியும் ஃபாரம் 35-ம் கைக்கு வரும்வரை பணம் கைமாறக் கூடாது. "டியூ ஓடிக்கிட்டு இருக்கு, நீங்க கட்டிக்கிட்டே வாங்க" என்று புரோக்கர் இனிக்க இனிக்கப் பேசுவான். எழுந்து வந்துவிடு. பேர் மாற்றுகிற ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டு பேர் மாற்றாமல் ஓட்டுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்கு நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. விற்கிறவருக்கும் அதைச் சொல், அவரே உன்னை ஆர்டிஓ ஆபீஸுக்கு இழுத்துக்கொண்டு போவார்.

இன்னொன்று. வண்டி வாசலில் நின்ற மறுநாளே உனக்குச் சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள். வீடு மாற்றுவது, சீர்வரிசை பீரோ, கட்டில் எல்லாம் பரவாயில்லை. டீசலை மட்டும் போட்டுவிடச் சொல். சித்திரைத் திருவிழாவுக்கு நாற்பது பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகலாம் மாப்பிள்ளை என்று உன் மாமனார் நிச்சயம் கேட்பார். முடியாது என்று முதல் தடவையே சொல்லிவிடு. சரக்கு வண்டியில் ஆளை ஏற்றி ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் கை விரித்துவிடும். எங்கள் பெரியப்பா வீட்டில் இதனாலேயே என்னிடம் ஆறு மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறார்கள், பஸ் ஏறித்தான் அழகர்கோவிலுக்குப் போகிறார்கள்.

மைலேஜ் கேட்டிருந்தாய். லோடோடு எனக்குப் பதினொன்று பன்னிரண்டு கிடைக்கிறது. பதினைந்து என்று உன் ஆள் சொன்னால் காற்றடிக்கிற பக்கம் இறக்கத்தில் ஓட்டியிருப்பான்.

நம்பரை எனக்கு அனுப்பு. இங்கிருந்தே பார்த்துச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி நடை முடித்துவிட்டு நானும் என் மெக்கானிக்கும் பஸ் ஏறி வருகிறோம். அந்த ஆளிடம் ஒரு டன் லோடு ஏற்றி வைக்கச் சொல், காலையில் நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்றும் சொல். அதுவரை அட்வான்ஸ் என்று ஐநூறு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதே. தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல், ராத்திரிச் சாப்பாடு உன் வீட்டில்தான். மெக்கானிக் கறி சாப்பிட மாட்டான், நான் சாப்பிடுவேன்.

அன்புடன்,
உன் மேலூர்க்காரன்